நொய்யலின் உப்பு

வடக்கிலிருந்து இறங்கிவரும் காவிரி கிழக்கு நோக்கித் திரும்பும் இடம் கொடுமுடி. ஆடிப்பெருக்கன்று அதன் படித்துறையில் திரளும் மக்களைக் கண்டவர்களுக்கு, அவ்வூரின் வாழ்வில் தண்ணீர் எத்தகைய இடம் பெற்றுள்ளது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஊருக்குச் சற்றுக் கீழே, நொய்யல் என்னும் சிற்றூரின் அருகில், அதே பெயர் கொண்ட ஆறு காவிரியில் கலக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டுவித்த வாய்க்காலும் பவானியில் தொடங்கி, ஈரோட்டைக் கடந்து, கொடுமுடிக்கு அருகே ஆவுடையார்பாறையில் நொய்யலோடு சேர்ந்து முடிகிறது. மேலே இருப்பவர்கள் தண்ணீரில் எதைக் கலந்தாலும் அது வந்து சேரும் இடம் இதுவே.

நொய்யல் மாசுபட்ட வரலாற்றை நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து தொடங்குவது வழக்கம். உப்பிலிருந்து தொடங்கினால் செய்தி தெளிவாகும் என்று எண்ணுகிறோம்.

1980களில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருகியது. உள்ளூரில் விற்ற வெள்ளைப் பனியனுக்குச் சலவை போதும். வெளிநாட்டார் கேட்ட வண்ண ஆடைகளுக்குச் சாயம் வேண்டும். பருத்தியில் சாயம் பற்றுவதற்காகத் தொட்டியில் உப்பை ஏராளமாகக் கொட்டுவார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்போ துணியில் ஒட்டாது, தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீர் நொய்யலுக்கு வந்தது.

இந்நிலையில், 1992இல், சென்னிமலைக்கு அருகிலுள்ள ஒரத்துப்பாளையத்தில் சுமார் 16 கோடி ரூபாய்ச் செலவில் ஆற்றின் குறுக்கே ஓர் அணை எழுந்தது. மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி, ஈரோடு, கரூர்ப் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்குப் பாய்ச்சுவது அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் அங்கே தேங்கியது வெள்ளம் மட்டுமன்று. ஆறு ஓடியவரை மழையோடு அடித்துச் செல்லப்பட்ட சாயக்கழிவு, இப்போது ஓரிடத்தில் நின்று நிலத்துக்குள் இறங்கியது. சுற்றுப்புறக் கிணறுகள் உப்புக் கரித்தன. இளநீரிலும் அந்தக் கரிப்பு ஏறிவிட்டது என்று அப்பகுதியினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். முடிவில், பாசனத்துக்கென்று கட்டிய அணையிலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் விடவேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. இதைவிடக் கசப்பான வேண்டுகோளைக் கொங்கு நாட்டு உழவர் வரலாற்றில் காண்பது அரிது.

கண்காணிக்க யாரும் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்தது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. வெளியேறும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்ற வரம்பும் இருந்தது. பட்டறைகள் தனியாகவும் கூட்டாகவும் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. அந்த முதற்கட்ட நிலையங்கள் நிறத்தையும் கசடையும் குறைத்தன. உப்பை அவற்றால் நீக்க இயலவில்லை. உப்பை நீக்கச் சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கவேண்டும், எஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்கவேண்டும். அதற்குப் பெருஞ்செலவு. ஆகவே பதிவேட்டில் நிலையமும் இருந்தது, ஆற்றில் உப்பும் இருந்தது. அளப்பவர் இல்லாததால் விளைந்த கேடு அன்று இது. அளந்த எண் வரம்பைக் கடந்தபின் யார் என்ன செய்வது என்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்த மான்செஸ்டருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. ஆறுகளைக் காக்கப் பிரிட்டன் 1876இல் ஒரு சட்டம் இயற்றி, அதைச் செயற்படுத்தும் பொறுப்பை அந்தந்த ஊராட்சியிடம் விட்டது. ஊரின் சாக்கடையே ஆற்றில் விழும்போது ஊராட்சி யார்மீது வழக்குத் தொடுக்கும்? 1891இல் மெர்சி, இர்வெல் ஆறுகளின் வடிநிலம் முழுமைக்கும் ஒரு கூட்டுக்குழு அமைந்த பிறகே கண்காணிப்புக்கு உயிர் வந்தது. ஊர் எல்லையை விட்டு ஆற்றின் எல்லையைக் கணக்கிட்டதே அதன் சிறப்பு.

நொய்யலுக்கு அப்படி ஓர் ஆற்றுக்குழு வாய்க்கவில்லை. மாவட்ட எல்லைகளைத் தாண்டி ஓடும் அந்த ஆற்றுக்காக, கீழ்மடை விவசாயிகளே சங்கம் கூட்டி உயர் நீதிமன்றத்தை நாடினர். வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று வகுத்திருந்தது. அதன் வழியில் அமைந்த சூழல் இழப்பு ஆணையம், 2004இல், 28,000க்கும் மேற்பட்ட நொய்யல் விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை தண்டம் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது. அப்பொழுதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஓய்ந்தன.

விவசாயிகளின் வெற்றியைச் சொல்லும்போது, அன்று வேலையிழந்தவர்களை மறப்பது நேர்மையாகாது. பிழைப்புத் தேடி வெளி மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருந்தவர்கள் அவர்களுள் பலர். உப்பை ஆற்றில் விடுவது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர். ஆயினும் முதலில் கூலி நின்றது அவர்களுக்குத்தான். துளிக் கழிவும் வெளிவிடாத முறைக்கு மாறியபின், பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

காலிங்கராயன் வாய்க்காலிலும் ஈரோட்டுத் தோல், சாயக் கழிவுகள் கலந்தன. அவற்றைப் பிரித்துவிட அதன் அருகிலேயே பேபி வாய்க்கால் ஒன்று வெட்டப்பட்டது. நொய்யலில் மழைநாட்களில் நுரை மிதந்துவரும் செய்தி 2011க்குப் பின்னும் ஓயவில்லை. நுரை வந்தால் வாரியத்துக்குச் சொல்லியனுப்பி, அதிகாரிகள் வருமுன் ஒரு குப்பியில் தண்ணீரை மொண்டு வைக்கவேண்டும். வெள்ளத்தோடு வந்தது வெள்ளத்தோடு போய்விடும். கிணற்றில் இறங்கிய உப்பு மட்டும் அங்கேயே கிடக்கும்.