துவக்கும் அனுமதிப்பத்திரமும்

வழியிற் செல்லும் ஒருவரை நிறுத்தி, துவக்கின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டுமாறு பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் எப்பொழுது கேட்கலாம்? மேற்போக்காக நோக்குவோருக்கு இஃது ஒரு சட்டத்தரணியின் மேசையில் தீர்க்கப்படவேண்டிய சிறு கேள்வியாகத் தோன்றும். ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் கடந்த நூறாண்டு வாழ்வை அறிந்தவர்க்கு இது சிறு கேள்வியன்று. அரசின் அதிகாரம் எந்த இடத்தில் தொடங்குகிறது, சாதாரண மனிதனின் வீட்டு வாசலில் எந்த இடத்தில் அது நிற்கவேண்டும் என்ற பெருங்கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே இதனை வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடைத்து என நாம் கருதுகிறோம்.

முதலில் அண்டை நாட்டை நோக்குவோம். 1878 இல் லிட்டன் பிரபு இந்தியாவில் இரு சட்டங்களைக் கொணர்ந்தார். ஒன்று சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றது ஆயுதச் சட்டம். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு முதலாவதிலிருந்து விலக்குண்டு. ஐரோப்பியருக்கு இரண்டாவதிலிருந்து விலக்குண்டு. ஒரே ஆண்டில் மக்களின் பேனாவும் துவக்கும் ஆட்சியாளரின் அனுமதிக்கு உட்பட்டமை தற்செயல் நிகழ்ச்சியா? பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபுவின் காலத்தில் நீங்கிற்று. ஆயுதச் சட்டமோ சுதந்திரத்தின் பின்னும் நிலைத்து, 1959 இலேயே புதிய சட்டத்துக்கு இடமளித்தது. 1931 இல் கராச்சியிற் கூடிய காங்கிரஸ் மாநாடு, குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக, விதிகளுக்கு அமைய ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தமை இந்த அவமானத்தின் எதிரொலியேயாகும்.

இலங்கையின் துப்பாக்கிச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அதற்கு முந்திய ஆண்டின் மே, ஜூன் மாதங்களில், கண்டியில் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. முஸ்லிம்களைக் காக்கத் தவறிய அதே அரசு, ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரை ஜூலை 7 ஆம் திகதி சுட்டுக்கொன்றது. மக்கள் கண்ணெதிரே இந்த நிகழ்ச்சிகள் நின்ற வேளையிலேதான், துவக்கொன்றை வைத்திருப்பதற்கும் பாவிப்பதற்கும் அரசின் பத்திரம் வேண்டும் என்ற விதி இந்நாட்டிற் புதிய சட்டவடிவம் பெற்றது.

இச்சட்டம் எமது கரையோரத்து வயல்வெளியில் எவ்வாறு இயங்கிற்று? இங்கே மக்கள் கடலோரத்தில் நெருங்கி வாழ்கின்றனர். வயல்கள் மேற்கே காட்டின் ஓரம்வரை விரிந்து கிடக்கின்றன. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீரையும் குடியேற்றத்தையும் கொணர்ந்தது. காட்டின் பரப்பு சுருங்கிற்று. யானையும் பன்றியும் கதிர் முற்றிய வயலைத் தேடி வருதல் இயல்பாயிற்று. பயிர்ப் பாதுகாப்புக்கென வேட்டைத் துவக்கு பெற விரும்புவோர், கிராம அதிகாரியின் சிபாரிசையும் பொலிஸ் அறிக்கையையும் பெற்று, கச்சேரியின் வாசலில் நிற்கவேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 31 ஆம் திகதியுடன் பத்திரம் காலாவதியாகும்; மீண்டும் அதே வாசல், அதே காத்திருத்தல்.

இதன் வர்க்கத் தன்மையை நாம் மறத்தலாகாது. பயிரைக் காப்பதற்கே பத்திரம். நிலம் உடையவனுக்கே பயிர். ஆகவே போடியாருக்குத் துவக்கும் பத்திரமும் கிடைக்கும். இரவெல்லாம் பரணிற் கண்விழித்து யானையின் முன் நிற்கும் முல்லைக்காரனுக்குக் கிடைப்பது தீப்பந்தமும் தகரமுமே. போடியாரின் பெயரிலுள்ள பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருக்க, துவக்கு முல்லைக்காரனின் கையில் வாடியில் இருக்குமாயின், சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவன் முல்லைக்காரனேயாவான். வைத்திருத்தல், பாவித்தல் என்ற சொற்கள் உடைமையாளனை மட்டுமன்றி, துவக்கு எவன் கையில் உள்ளதோ அவனையும் பற்றிக்கொள்கின்றன.

சரி, பத்திரத்தைக் கேட்கும் அதிகாரத்துக்கு எல்லையுண்டா? உண்டு. இந்தியாவின் 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு இதனைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ஆயுதத்தைக் கொண்டு செல்பவரிடமே பொலிஸார் பத்திரம் கேட்கலாம். அவர் காட்டாவிடின் பெயரையும் முகவரியையும் கேட்கலாம். அவசியமெனக் கண்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, பொய் சொல்கிறார் அல்லது தப்பியோட எண்ணுகிறார் என்ற ஐயம் எழுந்தாலோ மட்டுமே பிடியாணையின்றிக் கைதுசெய்யலாம். படிப்படியாக ஏறும் இவ்வொழுங்கில் முதற்படி ஆயுதமே. ஆயுதம் இல்லாத இடத்திற் பத்திரம் பற்றிய கேள்வியே எழாது.

இலங்கையிலும் இதே தத்துவத்தை நீதிமன்றங்கள் நிலைநாட்டியுள்ளன. 1937 இல், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பக்கம் நின்ற பிரேஸ்கேர்டில் என்ற இளைஞரை நாடுகடத்த ஆளுநர் ஆணையிட்டபொழுது, அவ்வாணைக்குச் சட்டத்தில் இடமில்லை என உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆளுநருக்கே சட்டம் எல்லை வகுக்குமாயின் பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கேட்கவேண்டுமா? 1947 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, லிவர்பூலைச் சேர்ந்த லீச்சின்ஸ்கி என்ற கழிவுத்துணி வியாபாரியின் வழக்கில், கைதுசெய்யப்படுபவருக்கு உண்மையான காரணம் சொல்லப்பட வேண்டும் எனத் தீர்த்தது. இக்கருத்தை நீதியரசர் கிரேஷியன் 1951 இல் முத்துசாமி வழக்கிலும் 1954 இல் கொரியா வழக்கிலும் இலங்கைச் சட்டத்தில் உறுதிப்படுத்தினார். பிடியாணையின்றி வீடு புகும் அல்லது கைதுசெய்யும் பொலிஸாரின் செயல்களை நீதிமன்றம் விழிப்போடு நோக்கவேண்டும் என்பது அவர் நிலை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை இதனை அடிப்படை உரிமையாக்கிற்று. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் பிடியாணையற்ற கைதுக்கு நியாயமான சந்தேகத்தை வேண்டுவதுடன், கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவும் பணித்தது. உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்பது 126 ஆம் உறுப்புரை.

ஆயின் நூலிலுள்ள இச்சட்டம் எத்தனை நாட்கள் வீதியில் நடமாடிற்று? தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஒடுக்க 1947 இற் பிறந்தது பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1953 ஹர்த்தாலின்போதும், 1958 இனக் கலவரத்தின்போதும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 1971 இல் கிளர்ச்சி செய்த இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று வேட்டைத் துவக்குகளைப் பறித்தனர். அவ்வாண்டு பிரகடனமான அவசரகால நிலை 1977 வரை நீடித்தது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, அதன் 6 ஆம் பிரிவின் மூலம், பிடியாணையின்றி வீடு புகவும், எவரையும் எவ்வாகனத்தையும் நிறுத்திச் சோதனையிடவும் அதிகாரம் வழங்கிற்று. நியாயமான சந்தேகம் என்ற படி இடிந்தது. சோதனைச் சாவடியில் ஒருவன் பேசும் மொழியும் பெயருமே சந்தேகத்துக்குப் போதுமான காரணங்களாயின.

ஆயுதம் மக்களுக்குப் பாதுகாப்புத் தந்ததா என்ற வினாவையும் நாம் நேர்மையாக எதிர்நோக்க வேண்டும். 1990 ஜூன் 11 ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் விடுதலைப் புலிகளால் முற்றுகையிடப்பட்டன. கல்முனை நிலையமும் அவற்றுள் ஒன்று. சரணடைந்த பொலிஸார் பல நூற்றுவர் கொல்லப்பட்டனர். அதன் பின் கல்முனைத் தமிழர் பலர் அரச படையினரின் கையில் மாண்டனர். ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளாற் கொல்லப்பட்டனர். அச்சத்தில் வாழ்ந்த முஸ்லிம் ஊர்களில் ஊர்காவற் படையினரின் கைகளுக்கு அரசு வேட்டைத் துவக்குகளை வழங்கிற்று. ஏழை ஒருவனின் கையில் துவக்கைக் கொடுத்து, அயலூர் ஏழைக்கு எதிரே நிறுத்துவது ஆள்வோருக்கு எளிது. ஒரே வாய்க்காலின் நீரைக் குடித்த தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் ஒருவரையொருவர் கண்டு அஞ்சினர்.

2019 ஏப்ரல் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் நிகழ்ந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பக்கமே. உயிர்த்த ஞாயிறுக் கொலைகளைச் செய்த கூட்டத்தைச் சேர்ந்தோர் அங்கு ஒரு வீட்டிற் பதுங்கியிருந்தனர். ஐயம் கொண்டு தகவல் கொடுத்தோர் அவ்வூர் முஸ்லிம் மக்களே. துப்பாக்கிச் சமரும் குண்டுவெடிப்பும் ஆறு குழந்தைகள் உட்படப் பதினைந்து உயிர்களைக் கொண்டுபோயின. அதன் பின், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் நாடு முழுவதற்கும் அறிவித்தனர். கொலைகாரரைக் காட்டிக்கொடுத்த சமூகத்தின் சமையலறைகளும் சோதனைக்குள்ளாயின. குற்றவாளியைத் தேடுவதற்கும் ஒரு சமூகத்தையே தேடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, நியாயமான சந்தேகம் என்ற அந்தச் சட்டச் சொற்களிலேதான் தங்கியிருக்கிறது.

எல்லோர் கையிலும் துவக்கு வேண்டும் என நாம் வாதிடவில்லை. துவக்குக்குப் பத்திரம் வேண்டும். அதைக் கேட்க அரசுக்கு உரிமையும் உண்டு. காட்டோரத்தில் மறைவாகக் கட்டப்படும் கட்டுத்துவக்கு, பன்றியையும் விறகெடுக்கச் சென்றவனையும் வேறுபடுத்துவதில்லை என்பதை விவசாயிகள் நன்கறிவர். நாம் கேட்பது ஒன்றே: பத்திரம் கேட்பவனும் தன் பத்திரத்தைக் காட்டவேண்டும். நான் யார், எந்தச் சட்டத்தின் கீழ் உன்னை நிறுத்துகிறேன், என்ன காரணத்தால் உன்னைச் சந்தேகிக்கிறேன் என்ற மூன்றுக்கும் அவன் விடை சொல்லக் கடமைப்பட்டவன்.

இவ்விடைகளைக் கேட்கும் துணிவு நமது மக்களுக்கு எங்கிருந்து வரும்? சட்டத்தரணிகளின் நூலகத்திலிருந்து அது தானாக வந்துவிடாது. 13 ஆம் உறுப்புரையைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் மாணவன், அது தன் தந்தை சோதனைச் சாவடியில் நின்ற நாளைப் பற்றியது என உணரும்படி ஆசிரியர் கற்பிக்கவேண்டும். முல்லைக்காரனுக்கும் மீனவனுக்கும் தையற் கூலிக்காரிக்கும் விளங்கும் தமிழில் இச்சட்டங்களை எழுதவும் பேசவும் வேண்டும். கல்முனையின் முஸ்லிம் ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து இப்பணியைத் தொடங்குவராயின், 1990 இல் அறுந்த உறவின் ஓரிழையேனும் மீண்டும் முடிக்கப்படும்.