ரைட் அழைப்பின் வலப்பக்க மேடு: கோப்பு முறைமைத் தாமத அளவீட்டில் ஒரு மறுவாசிப்பு

லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை அழைப்புகளின் தாமதத்தை அளக்கும் எக்ஸ்ட்4டிஸ்ட் கருவி வரைந்து தரும் தாமதப் பரவலில் இரண்டு மேடுகள் தெரிந்தால், இடப்பக்கம் கேச், வலப்பக்கம் வட்டு என்று பொருள்கொள்வது ஆய்வு மரபாகவே ஆகிவிட்டது. ரீட் அழைப்புகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். அதையே பஃபர் வழி ரைட் அழைப்புகளுக்கும் நீட்டுவதை ஏற்க இயலவில்லை.

கருவி அளப்பது ஒன்றைத்தான்: எக்ஸ்ட்4-இன் ரைட் ஃபங்ஷனுக்குள் ஓர் இழை நுழைந்ததற்கும் வெளியேறியதற்கும் இடைப்பட்ட நேரம். உள்ளே அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது அந்த எண்ணில் இல்லை. பஃபர் வழி ரைட்டில் தரவு நினைவகப் பக்கத்துக்கு நகலாகிறது. பக்கம் அழுக்கு என்று குறிக்கப்படுகிறது. வட்டுக்குப் போவது பின்னால் நடக்கும் வேலை. அப்படியானால் மில்லிசெகண்டுகளில் எழும் மேடு எங்கிருந்து வருகிறது?

நகலெடுக்கும் சுழற்சிக்குள்ளேயே கர்னல் அழுக்குப் பக்கங்களின் அளவைச் சரிபார்க்கிறது. பின்னணி வரம்பு, மேல் வரம்பு இரண்டின் நடுப்புள்ளியைத் தாண்டினால் எழுதும் இழை தூங்கவைக்கப்படலாம். இயல்பு வரம்புகள் கிடைக்கும் நினைவகத்தில் 10, 20 விழுக்காடு, நடுப்புள்ளி 15. ஒரு தூக்கம் 200 மில்லிசெகண்டு வரை நீளலாம். 2012 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.2-க்கு முன்பு, இப்படித் தடுக்கப்பட்ட இழை தானே பக்கங்களை வட்டுக்கு அனுப்பியது. அந்தக் காலத்துக்கு ‘வலப்பக்கம் வட்டு’ என்பது ஓரளவு பொருந்தியிருக்கும். 3.2 முதல் அது வெறுமனே தூங்குகிறது. அனுப்புவது வேறோர் இழை.

முந்தைய வாசிப்பினர் ஐஓவெயிட் உயர்வையும் இழையின் ‘டி’ (இடைமறிக்க இயலாத தூக்க) நிலையையும் தனிச்சான்றுகளாக முன்வைப்பர். இவை தனிச்சான்றுகள் அல்ல. இந்தத் தூக்கமே உள்ளீட்டு-வெளியீட்டுக் காத்திருப்பு என்ற முத்திரையுடன்தான் எழுதப்பட்டிருக்கிறது. தன் பெயரில் ஒரு வட்டுக் கோரிக்கைகூட இல்லாத இழையும் அதே தோற்றம் தரும். ஒரே வாய் இருமுறை பேசியதை இரு சாட்சிகள் என்று எண்ணியிருக்கிறோம்.

பேலன்ஸ்_டர்ட்டி_பேஜஸ் என்ற ட்ரேஸ்பாயின்ட் தூக்கத்தின் அளவை மில்லிசெகண்டில் பதிவுசெய்கிறது. இழைவாரியாக அதைக் கழித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. எக்ஸ்ட்4 இந்தச் சுழற்சி முழுவதும் ஐநோடின் பூட்டைப் பிடித்திருக்கிறது. தூங்குபவர் பூட்டோடு தூங்குகிறார்; அதே கோப்பில் எழுத வரும் அடுத்த இழை வாசலில் நிற்கிறது. அதன் தாமதமும் வலப்பக்க மேட்டில் சேரும், ஆனால் அதன் பெயரில் ட்ரேஸ்பாயின்ட் பதிவு இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு என்று கருதுகிறேன்: பூட்டுக்காக நிற்பவரும் ‘டி’ நிலையில்தான் இருப்பார், ஐஓவெயிட் முத்திரை மட்டும் இராது. அடுக்குப் பதிவை உடன் எடுத்தால் ஐயம் நீங்கும்.

வட்டு மெதுவாக இருப்பதால்தானே அழுக்கு சேர்கிறது என்பர். சேரலாம். ஆனால் வரம்பு கணினி முழுவதற்கும் பொது. அதை நிரப்பியது வேறொரு ப்ரோசஸாக இருக்கலாம். அளக்கும் கருவியே சேர்க்கும் கூடுதல் செலவோ மைக்ரோசெகண்டு அளவினது. மில்லிசெகண்டு மேட்டைப் பற்றிய விவாதத்தில் அதற்கு இடமில்லை.

தூக்கத்தையும் பூட்டையும் விலக்கிய பின் எஞ்சுவது சில: பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும்போது பழைய உள்ளடக்கத்தைப் படிக்க ஆன நேரம், ஜர்னலில் இடத்துக்காகக் காத்திருந்த நேரம் போன்றவை. வட்டின் கணக்கில் நேரடியாக எழுதத் தகுந்தவை அவை மட்டுமே.