அசலும் நகலும்

அவிநாசியில் ஒரு சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்திற்கோ, ஒரு பத்திரத்திற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்திற்கோ செல்பவர் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “அசல் கொண்டாந்திருக்கீங்களா? ஜெராக்ஸ் எடுத்தாச்சுங்களா?” கொங்குத் தமிழின் மரியாதை குழையும் இந்தக் கேள்வியில் ‘அசல்’ அரபுச் சொல். ‘ஜெராக்ஸ்’ கிரேக்க வேரிலிருந்து அமெரிக்காவில் ஆக்கப்பெற்ற சொல். கையில் தரப்படும் படிவத்திலோ ‘நகல் இணைக்கப்பட வேண்டும்’ என்று அச்சிட்டிருக்கும். ‘நகல்’ என்பதும் அரபியே. சென்ற தலைமுறையினர் இவை எல்லாவற்றையும் ‘காப்பி’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லால் குறித்தனர்.

இவையனைத்தும் ஒரே பொருளைக் குறிப்பவை என்றே நாம் எண்ணுகிறோம். ஆயின் ஒவ்வொன்றும் பிறந்த இடம் வேறு. வளர்ந்த விதம் வேறு. அவற்றின் வரலாற்றைச் சற்றே புரட்டினால், நகல் என்பது யாது, அதை நாம் எப்போது நம்பலாம் என்ற வினாவுக்கும் விடை கிடைக்கிறது.

வளத்திலிருந்து வந்த காப்பி

ஆங்கிலத்தின் ‘காப்பி’, இலத்தீனில் ‘கோபியா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் மிகுதி, வளம் என்பதாகும். ஒன்றைத் தாராளமாகக் கிடைக்கச் செய்வதையும் அது குறித்தது. ஓர் ஆவணத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள ஒருவருக்கு வாய்ப்பளிப்பதை இடைக்கால ஐரோப்பாவின் எழுத்தர்கள் இச்சொல்லால் சுட்டினர். நாளடைவில், எழுதிக்கொள்ளும் வாய்ப்பைக் குறித்த சொல் எழுதிக்கொண்ட தாளையே குறிக்கலாயிற்று. பிரெஞ்சு மொழி வழியாகப் பதினான்காம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் குடியேறியது.

இங்கிலாந்தின் பண்ணை நிலங்களில் ‘காப்பிஹோல்டு’ என்றொரு நில உரிமை இருந்தது. பண்ணை மன்றத்தின் பதிவேட்டில் உழவனின் பெயர் எழுதப்படும். அப்பதிவின் படியே அவனது உரிமைச் சான்றாகும். 1926 ஜனவரி முதல் நாளோடு ஒழிக்கப்படும் வரை அம்முறை நீடித்தது. ஒரு தாளின் படியை நம்பித் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரு வயலை உழுதது என்றால், அந்தப் படி எவ்வளவு மெய்யானதாக இருந்திருக்க வேண்டும்!

அச்சுக்கலை வந்தபின் இச்சொல் தலைகீழாகத் திரும்பியது. எந்தக் கையெழுத்துத் தாளைப் பார்த்து எழுத்துக் கோத்தார்களோ அந்த மூலத்தையே அச்சகத்தார் ‘காப்பி’ என்றனர். அதை அச்சிடும் உரிமைக்கும் அதுவே பெயராயிற்று. இங்கிலாந்தின் ஆன் அரசியார் காலத்தில், 1710-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வுரிமையை நூலாசிரியருக்கு உரியதாக்கியது. இன்று நாம் ‘காப்பிரைட்’ என்று வழங்கும் பதிப்புரிமை இவ்வழி வந்ததே.

தமிழ்நாட்டிலோ அச்சொல்லுக்கு வேறு விதி நேர்ந்தது. பிள்ளைகள் கையெழுத்துப் பழகிய நோட்டு ‘காப்பி நோட்டு’ ஆயிற்று. தேர்வில் திருடுவது ‘காப்பியடித்தல்’ ஆயிற்று. இரண்டாக மடித்தது என்ற பொருளில் பிறந்த ‘டூப்ளிகேட்’ நம் கடைவீதிகளில் போலி என்ற பொருளை ஏற்றது. வளத்தைக் குறித்துப் பிறந்த சொல்லும் அதன் உறவுச் சொல்லும் இங்கே ஐயத்தின் பெயர்களாக முடிந்தன.

உலர்ந்த எழுத்து

இனி ஜெராக்ஸைக் காண்போம். அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றினார். நோயுற்ற பெற்றோரை இளமையிலிருந்தே உழைத்துக் காத்த ஏழை அவர். ஆவணங்களுக்குப் படியெடுக்கும் தொல்லையை நாள்தோறும் கண்டவர், மையும் ஈரமும் இன்றிப் படியெடுக்க வழி தேடினார். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார். அந்த நாளையும் ஊர்ப்பெயரையும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினார். பின்னர் நுண்பொடியைத் தூவி ஊத, எழுத்துகள் தகட்டில் நின்றன. மெழுகுத் தாளில் அவற்றை ஒற்றியெடுத்ததே உலகின் முதல் உலர்படி.

பல பெரிய நிறுவனங்கள் அவரைத் திருப்பியனுப்பின. இறுதியில் 1940-களில் ஒஹையோவின் பட்டெல் ஆய்வு நிறுவனமும், ராச்செஸ்டர் நகரின் ஹாலாய்டு என்ற சிறு நிறுவனமும் கைகொடுத்தன. கிரேக்கத்தில் ‘க்ஸீரோஸ்’ என்றால் உலர்ந்தது. ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல். இரண்டையும் இணைத்து ‘ஜெராகிராஃபி’ என்று தொழில்முறைக்குப் பெயரிட்டனர். அதிலிருந்து ‘ஜெராக்ஸ்’ என்ற வணிகப் பெயர் பிறந்தது. 1959-இல் வெளிவந்த ‘914’ என்ற இயந்திரம் உலகெங்கும் அலுவலகங்களின் நடைமுறையையே மாற்றியது. கார்ல்சனோ, தமக்கு வந்த பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதியைத் தருமங்களுக்கு வழங்கிவிட்டு 1968-இல் மறைந்தார்.

இந்தியாவில் 1983-இல் ‘மோடி ஜெராக்ஸ்’ நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன்பின் சிற்றூர்கள் வரை இச்சொல் பரவியது. கடையில் இருப்பது எந்த நிறுவனத்தின் இயந்திரமாயினும் பலகையில் ‘ஜெராக்ஸ்’ என்றே எழுதினர். ஒரு நிறுவனத்தின் பெயர் பொதுப்பெயராகிவிட்டால் அதன்மீதான தனியுரிமை பறிபோகக்கூடும். எனவே அந்நிறுவனம் தன் பெயரை வினைச்சொல்லாக்க வேண்டாம் என்று உலகெங்கும் விளம்பரம் செய்தது. அப்பெயரின் பதிவை நீக்கக் கோரிய வழக்கை நம் நாட்டின் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2016-இல் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் கண்ணில் அது இன்றும் ஒரு நிறுவனத்தின் பெயரே. வீதியின் வாயில் அது நகலின் பெயர்.

சுமந்து செல்வது நகல்

இனி நமக்கு நெருக்கமான சொல்லுக்கு வருவோம். அரபியில் ‘நக்ல்’ என்றால் ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதல். அறிவால் ஆராய்ந்து பெறுவதை ‘அக்ல்’ என்றும், முன்னோரிடமிருந்து கேட்டுச் சுமந்து வந்ததை ‘நக்ல்’ என்றும் நம் உலமாக்கள் பிரித்துரைப்பர். ‘அஸ்ல்’ என்றால் வேர். அதன் பன்மையே ‘உஸூல்’. வேரிலிருந்து எடுத்து வரப்பட்டது நகல் என்னும்போது, இரண்டுக்கும் உள்ள உறவு சொல்லிலேயே விளங்குகிறது. தக்காணத்திலும் ஆர்க்காட்டிலும் மைசூரிலும் முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட காலத்து அலுவல் மொழியாகிய பாரசீகத்தின் வழியே வசூல், பாக்கி, வாரிசு, ஜாமீன், தாலுக்கா போன்ற சொற்கள் தமிழில் கலந்தன. அசலும் நகலும் அவற்றின் உடன்பிறப்புகள். கடன் கொடுத்தவர் ‘அசலும் வட்டியும்’ என்று கணக்கிடும் அசலும் இந்த வேர்தான்.

நகலெடுப்பதை நம் முன்னோர் எத்துணைப் பொறுப்போடு செய்தனர் என்பதற்கு உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலமே சான்று. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமிருந்த திருமறை ஏடுகள் பெறப்பட்டு, ஸைத் பின் ஸாபித் (ரலி) முதலான குழுவினரால் படிகள் எழுதப்பெற்றன. அவை பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. பெற்ற ஏடுகளோ மீண்டும் அன்னையிடமே ஒப்படைக்கப்பட்டன.

ஹதீஸ் கலையினர் இதற்கொரு நெறியையே வகுத்தனர். எழுதி முடித்த படியை அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ‘முகாபலா’ என்று பெயர். ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு சிறு வட்டம் இடப்படும். ஒப்பிட்டு முடித்த பின்னரே அவ்வட்டத்தினுள் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்று ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீப் அல்பக்தாதி (ரஹ்) அறிவுறுத்தினார்கள். புள்ளியில்லா வட்டம், இன்னும் சரிபார்க்கப்படாத நகல் என்பதைப் படிப்பவருக்கு உடனே உணர்த்திவிடும்.

இதே நெறி பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயர் இயற்றிய 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் காணப்படுவது வியப்புக்குரியது. படியைப் பார்த்து எழுதிய படி, பின்னர் அசலோடு ஒப்பிடப்பட்டிருந்தால் அது இரண்டாம் நிலைச் சான்றாகும். ஒப்பிடப்படாவிட்டால் ஆகாது என்கிறது அச்சட்டம். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. ஆக, இயந்திரம் எத்துணை முன்னேறினும், நகலுக்கு மதிப்பைத் தருவது ஒப்பிட்டுப் பார்த்த மனிதனின் நேர்மையே.

நம் கடமை

உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலைச் சுவடிகளிலேயே பல்லாண்டு உலவிற்று. செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளை ஆய்ந்து 1842-இல் அதை அச்சேற்றினார்கள். அதற்கு முன் அதைப் படியெடுத்து வந்த பெயர் தெரியாத எழுத்தர்கள் இல்லையேல் நமக்கு அக்காப்பியம் கிடைத்திராது.

இன்று நம் இல்லங்களில் அரபுத் தமிழில் பாட்டனார் எழுதிய கிதாபுகள் செல்லரிக்கின்றன. ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடுகள் பழுப்பேறுகின்றன. வக்ஃபுப் பத்திரங்களோ ஜெராக்ஸின் ஜெராக்ஸாக மிஞ்சி நிற்கின்றன. தேய்ந்த நகலில் சர்வே எண்ணின் 3 என்பது 8 ஆகிவிட்டால், ஒரு பள்ளிவாசலின் மானியமே வழக்கில் சிக்கும். 2025-இல் திருத்தப்பட்ட வக்ஃபுச் சட்டம், சொத்து விவரங்களை அரசின் இணையத் தளத்தில் பதிந்திடக் கோரியபோது, தாள்களைப் பேணியவர்களின் நிலையும் பேணாதவர்களின் நிலையும் ஒன்றாக இருந்திருக்க இயலாது.

எனவே வாசக அன்பர்கள் தம் வீட்டுப் பெட்டிகளையும் ஜமாஅத்தின் அலமாரிகளையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம். அசல் இருக்கும்போதே நகல் எடுங்கள். எடுத்ததை வரி வரியாக அசலோடு ஒப்பிடுங்கள். எந்த ஏட்டிலிருந்து, எந்நாளில், யார் ஒப்பிட்டது என்பதை அடியில் குறித்து வையுங்கள். அசல் தொலைந்திருப்பின் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

அவிநாசி என்ற ஊர்ப்பெயருக்கு அழிவில்லாதது என்பது பொருள். தாளுக்கு அவ்வரம் இல்லை. இயந்திரம் சில நொடிகளில் நூறு தாள்களைத் தந்துவிடும். வட்டத்தினுள் புள்ளி வைக்கும் வேலையை அது செய்யாது. அந்த அமானிதம் நம் கையில்தான் இருக்கிறது.