திப்பு எனும் திருப்பெயர்

சேலம், நாமக்கல், சங்ககிரி ஆகிய ஊர்களில் திப்பு சுல்தானின் பெயரை அறியாதார் இலர். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை நம் மண் அவரது ஆட்சியில் இருந்தது. ஆயினும் அப்பெயரின் பொருளைக் கேட்டால் நம்மில் பலர் ‘புலி’ என்றே விடை பகர்வர். கன்னடத்தில் திப்பு என்றால் புலி எனக் காரணமும் கூறுவர். கன்னடத்தில் புலிக்குரிய சொல் ‘ஹுலி’ என்பதாகும். சுல்தான் தம் அரியணையிலும் படைவீரர் உடையிலும் புலிச்சின்னம் பொறித்ததால் பிற்காலத்தார் பெயருக்கும் அப்பொருளை ஏற்றிவிட்டனர்.

உண்மை வரலாறு ஆற்காட்டில் இருக்கிறது. அங்கே திப்பு மஸ்தான் அவ்லியா (ரஹ்) என்னும் இறைநேசர் அடங்கியுள்ளார்கள். நவாப் சஆதத்துல்லாஹ் கான் 1729இல் அவர்களுக்கு அடக்கத்தலம் எழுப்பினார். ‘மஸ்தான்’ என்பது இறைக்காதலில் தம்மை மறந்தவரைக் குறிக்கும் பார்சிச் சொல்லாகும். ஹைதர் அலியின் தந்தை ஃபத்ஹ் முஹம்மது ஆற்காட்டு நவாபிடம் பணியாற்றியவர். ஆகவே அவ்வூர் அக்குடும்பத்திற்குப் புதிதன்று. ஹைதர் அலியும் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸாவும் அங்கே சென்று ஆண்மகவு வேண்டி இறைவனிடம் இறைஞ்சினர் என்பது வழிவழிச் செய்தி. தேவனஹள்ளியில் 1750இல் பிறந்த மகனுக்கு அந்த இறைநேசரின் பெயரையும், பாட்டனார் பெயரை நினைவூட்டும் ஃபத்ஹ் அலி என்ற பெயரையும் சூட்டினர். ஃபத்ஹ் என்றால் வெற்றி. ஹைதர் என்றால் சிங்கம். அது அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர்.

சுல்தானும் இம்மரபை மறக்கவில்லை. தந்தை வழியைப் பின்பற்றி, ஹைதரின் முதலெழுத்தான ‘ஹே’யைத் தம் நாணயங்களிலும் பொறித்தார். மூத்த மகனுக்கு ஃபத்ஹ் ஹைதர் எனப் பெயரிட்டார். ஒரே பெயரில் தாமும் தம் தந்தையும் விளங்கச் செய்தார். 1799 மே 4இல் அவர் ஷஹீதானார். அரசு போயிற்று, பெயர் நின்றது.

‘அரபியல்லாத பெயரை வைக்கலாமா?’ என்று நம்மிடம் சிலர் வினவுகின்றனர். தீய பொருள் தரும் பெயர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றினார்கள். ‘மாறு செய்பவள்’ எனப் பொருள்படும் ஆஸியா என்ற பெயரை ஜமீலா என மாற்றியது ஹதீஸில் வந்துள்ளது. ஆராய வேண்டியது பொருளையே. நல்லோரை நினைவூட்டும் பெயர், எம்மொழியினதாயினும், குறையுடையதன்று. பிள்ளையை அருள்பவன் அல்லாஹ் ஒருவனே என்ற உறுதி நெஞ்சில் இருந்தால் போதும்.

இன்று ஓசை நயம் ஒன்றையே பார்த்துப் பெயரிடுவோர் பெருகிவிட்டனர். “அத்தா, என் பெயருக்கு என்ன பொருள்?” என மகன் கேட்கும்போது தந்தை வாய்மூடி நிற்பது பெருங்குறையன்றோ? பெயரிடுமுன் அதன் பொருளையும், அதைத் தாங்கி வாழ்ந்தோரின் வரலாற்றையும் ஆலிம்களிடம் கேட்டறிவோம். பள்ளிச் சான்றிதழிலும் நிகாஹ் பதிவேட்டிலும் எழுத்துப் பிழையின்றி எழுதுவோம். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைப் பெயருக்கேற்ற நல்லோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.