மேசைக் கணினிப் பாதுகாப்பு

மேசைக் கணினிப் பாதுகாப்பு என்பது, உரிமையற்றோர் கணினியை இயக்காமலும், அதனையோ அதன் உறுப்புகளையோ அபகரித்துச் செல்லாமலும், எல்லாவற்றிற்கும் மேலாக அதில் சேமித்துள்ள விஷயங்களைப் படித்தறியாமலும் காக்கும் ஏற்பாடுகளின் தொகுதியாகும். பெட்டியை எஃகு வடத்தால் மேசையோடு பிணைப்பதும் அதன் மூடியைப் பூட்டுவதும் திருடனைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடா.

கடவுச்சொல், 1960-களின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே இயந்திரத்தைப் பலரும் பகிர்ந்துகொள்ள ஃபெர்னாண்டோ கோர்பட்டோ முதலியோர் சமைத்த முறையிலேயே வழக்கிற்கு வந்தது. ஆயினும் 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டாராம். பூட்டுப் பிறந்தபோதே கள்ளச்சாவியும் பிறந்துவிட்டது போலும்!

தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றிவைத்தாலே பழைய கணினிகள் பலவற்றில் கணினி இயங்கத் தொடங்கும்போதே கேட்கும் தொடக்கக் கடவுச்சொல் அழிந்துபோகும். விண்டோஸின் கடவுச்சொல்லோ, வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் படிப்பவன் முன் பிரயோஜனமற்றது. ஆதலின், வன்தட்டு முழுவதையும் சங்கேதமாக்கி வைப்பதே உறுதியான உபாயம். இதற்கு விண்டோஸின் சில பதிப்புகளில் பிட்லாக்கரும், லினக்ஸில் லக்ஸும் உள்ளன. இரண்டும் பெரும்பாலும் கையாள்வது, 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். என்னும் சங்கேத முறையையே. கணினி அணைந்திருக்கையில்தான் இக்காவல் பூரணமாகும். சங்கேதத்தை விடுவிக்கும் திறவுகோலை இழந்தால் உரிமையாளருக்கும் தகவல் கிட்டாதாகையால், மீட்புத் திறவுகோலை எழுதி, கணினி இல்லாத வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துக.