கணிதமும் பெண்பிள்ளைகளின் விளையாட்டும்

சென்ற மாதம் ஒரு தாயார் என்னைக் காண வந்தார். ஆறாம் ஆண்டில் பயிலும் தம் மகளை வலைப்பந்துக் குழுவிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டுக்கொண்டார். "கணக்கில் புள்ளி குறைந்துவிட்டது டீச்சர். இருக்கிற தெம்பெல்லாம் திடலிலேயே போய்விடுகிறது" என்றார். 150 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வாதம் என் நினைவுக்கு வந்தது. அன்று பழி சுமந்தது விளையாட்டு அன்று, படிப்பு.

1874இல் ஹென்றி மாட்ஸ்லி என்ற இலண்டன் மருத்துவர் பெண்களின் உயர்கல்வியை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். உடலின் ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதைப் படிப்பில் செலவிட்டால் பெண்ணின் உடல்நலம் கெடும் என்பது அவர் கூற்று. அதே ஆண்டு, அதே இதழில் மறுப்பு எழுதியவர் எலிசபெத் கேரட் ஆண்டர்சன். 1865லேயே பிரிட்டனில் மருத்துவத் தகுதி பெற்ற பெண்மணி. பெண்களும் தேர்வெழுத வேண்டுமென்று போராடிய ஆசிரியைகளே பெண்கள் பள்ளிகளில் உடற்பயிற்சியையும் ஓடியாடும் விளையாட்டுகளையும் முதலில் புகுத்தினர் என்று அவர் சுட்டிக்காட்டினார். (நம் தொழிலைச் சேர்ந்தவர்கள்! எனக்குச் சற்றுப் பெருமைதான்.) அங்கே விளையாட்டு, படிப்புக்குப் போட்டியாக நுழையவில்லை, துணையாக நுழைந்தது.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1890ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில், நியூனம் கல்லூரி மாணவி பிலிப்பா ஃபாசெட், முதலிடம் பெற்ற ஆணுக்கும் மேலே என அறிவிக்கப்பட்டார். அவர் வேறு யாருமல்லர். கேரட் ஆண்டர்சனின் தங்கை மகள். ஆயினும் பட்டம் வழங்கப்படவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் அளிக்க 1948 ஆயிற்று.

அதே 1890இல், எலினர் சிட்ஜ்விக் அம்மையார், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு மாணவியரின் உடல்நலத்தை அவர்களுடைய சொந்தச் சகோதரிகளின் உடல்நலத்தோடு ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டார். படித்ததால் மாணவியரின் நலம் குன்றியதாக அதில் தெரியவில்லை. மாட்ஸ்லியின் வாதம் எண்களின் முன் நிற்கவில்லை.

விளையாட்டால்தான் பிலிப்பா முதலிடம் பெற்றார் என்று நான் கூறமாட்டேன், அதற்குச் சான்றில்லை. ஆனால் தெம்பு ஒரு குடத்து நீர், ஒருபக்கம் ஊற்றினால் மறுபக்கத்திற்கு இல்லை என்ற எண்ணம் மாட்ஸ்லியோடு போய்விடவில்லை என்பதை அன்று கண்டேன்.

அந்தத் தாயாரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மகளின் தேர்வுத்தாளைப் புரட்டிக் காட்டினேன். பிழைகள் பெரும்பாலும் பின்னத்தில். பயிற்சி நாள்களில் திடலுக்குப் போகுமுன் அரைமணி நேரம் என்னிடம் பின்னம் படிக்கட்டும் என்றேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இரண்டு வாரம் பார்ப்போம் டீச்சர்" என்றார். வாசலில் நின்றிருந்த மகள், விளையாட்டுக் காலணியைப் பையிலிருந்து இன்னும் வெளியே எடுத்திருக்கவில்லை.