ஒரு வாரத் தீர்ப்பும் காலத்தின் தீர்ப்பும் – டீசல் சொகுசுக் கார்களின் கதை

பழைய மோட்டார் சஞ்சிகைகளை வாசிப்பதில் எனக்கு நெடுநாளாக ஓர் ஈடுபாடு உண்டு. அவற்றில் வரும் வாகனங்களை வாங்கும் வசதி எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு பொருள் புதிதாக அறிமுகமான வேளையில் அதைப் பற்றிச் சமகாலத்தவர் எழுதிய தீர்ப்பையும், பின்னர் காலம் அளித்த தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க அவை இடந்தருகின்றன. பத்திரிகைத் தொழிலில் இருந்த ஒருவனுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை. டீசலில் ஓடும் சொகுசுக் கார்களின் வரலாறு இப்பாடத்தை மிகத் தெளிவாகக் கற்பிக்கின்றது.

நம்மவர்களுக்கு டீசல் என்றதும் லொறியும் பஸ்ஸும் உழவு இயந்திரமுமே நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நிலைமை அதுதான். ருடோல்ஃப் டீசல் தமது இயந்திரத்தை ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டியது 1897ஆம் ஆண்டில். அவ்வியந்திரத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை மிகக் கடுமையாக அமுக்கும்போது உண்டாகும் வெப்பத்திலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்கின்றது. பெற்றோல் இயந்திரம் காற்றை எட்டு அல்லது ஒன்பது மடங்கு அமுக்கிய காலத்தில், கார்களுக்கான டீசல் இயந்திரம் இருபது மடங்குக்கும் மேலாக அமுக்கியது. சிக்கனத்துக்குக் காரணமும் அதுவே. பாரத்துக்கும் அதிர்வுக்கும் இரைச்சலுக்கும் காரணமும் அதுவே. நாற்பது ஆண்டுகளாக அவ்வியந்திரம் கப்பலிலும் தொழிற்சாலையிலும் லொறியிலும் தங்கிவிட்டதன் இரகசியம் இதுதான்.

1936 பெப்ரவரியில் பேர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 260 டி என்ற காரை முன்வைத்தது. 2.5 லீற்றர் கொள்ளளவு, நான்கு உருளைகள், 45 குதிரைவலு. அதற்கு முன்னர் ஆறு உருளைகள் கொண்ட பெரிய டீசல் இயந்திரமொன்றைக் காரில் பொருத்திப் பார்த்தபோது அதன் அதிர்வை வாகனத்தின் சட்டகமே தாங்கவில்லை. 260 டி மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. அதையொத்த பெற்றோல் கார் குடித்ததைவிடக் குறைந்த எரிபொருளே அதற்குப் போதுமானதாக இருந்தது. அதனால் அது முதலில் டாக்சி உரிமையாளர்களைக் கவர்ந்தது. போர் மூண்டு 1940இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ இரண்டாயிரம் கார்களே செய்யப்பட்டன.

போருக்குப் பின்னர் 170 டி, 180 டி, 190 டி என்று தொடர்ந்த வரிசையும் இவ்வாறே டாக்சிக்காரரையும் விவசாயியையும் நீண்ட தூரம் பயணிக்கும் வியாபாரியையும் நம்பி வளர்ந்தது. குளிர்காலக் காலைகளில் இயந்திரத்தை முடுக்குமுன் உருளைகளைச் சூடேற்றும் கம்பி பழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை ஜேர்மனியர் ‘ருடோல்ஃப் டீசல் நினைவு மௌன நிமிடம்’ என்று கேலியாகக் குறிப்பிடுவர்.

இந்தக் கேலியின் தொனி அக்காலச் சோதனை ஓட்டக் கட்டுரைகளிலும் உண்டு. அதற்கு அக்கட்டுரைகளின் அமைப்பே ஒரு காரணம். சஞ்சிகையொன்றுக்கு ஒரு கார் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வழங்கப்படும். நிறுத்தத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட எத்தனை செக்கன், உச்ச வேகம் எவ்வளவு, உள்ளே இரைச்சல் எத்தனை டெசிபல், ஒரு கலனுக்கு எத்தனை மைல் என்பனவே அட்டவணையில் இடம்பெறும். 1976இல் வெளிவந்த மெர்சிடிஸ் 200 டி 55 குதிரைவலுவே கொண்டது. நிறுத்தத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட அதற்கு 31 செக்கன் தேவைப்பட்டது. அதே நிறுவனத்தின் அக்கால உச்சமான 450 எஸ்.ஈ.எல். 6.9 எட்டுச் செக்கன்களுக்குள் அந்த வேகத்தைத் தொட்டது. அட்டவணையை மட்டும் பார்த்தால் தீர்ப்பு வெளிப்படை. எரிபொருள் வரியைத் தவிர மற்றெல்லா வரிகளிலும் டீசல் கார் தோற்றது.

1973 ஒக்ரோபரில் மூண்ட அரபு – இஸ்ரேல் போரும் அதனையொட்டிய எண்ணெய்த் தடையும் அந்த அட்டவணையை வாசிக்கும் முறையை மாற்றிவிட்டன. ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. அதுவரை கடைசியில் வாசிக்கப்பட்ட எரிபொருள் வரி இப்போது முதலில் வாசிக்கப்பட்டது. 1974இல் மெர்சிடிஸ் ஐந்து உருளைகள் கொண்ட மூன்று லீற்றர் டீசல் காரை வெளியிட்டது. ஐந்து உருளை இயந்திரத்துடன் தொடர் உற்பத்திக்கு வந்த முதலாவது கார் இதுவே. 80 குதிரைவலு கொண்ட இது மணிக்கு 100 கிலோமீற்றரை ஏறத்தாழ இருபது செக்கன்களில் எட்டியது. டீசல் காரை, பணம் உள்ளவன் வெட்கப்படாமல் வாங்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றத் தொடங்கியது இக்காலத்திலேயே.

அமெரிக்கச் சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1975இல் நிறைவேறிய சட்டத்தின்படி ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரிச் சிக்கனம் 1978இல் கலனுக்கு 18 மைலாகவும் 1985இல் 27.5 மைலாகவும் இருக்கவேண்டும். பெரிய கார்களையே விற்றுவந்த மெர்சிடிஸுக்கு இது நெருக்கடி. அதன் விடையாக 1978 மாதிரி ஆண்டில் 300 எஸ்.டி. வந்தது. நிறுவனத்தின் மிக உயர்ந்த வகையான எஸ் வரிசையில் டீசல் இயந்திரம் இடம்பெற்றது அதுவே முதற்தடவை. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் டேர்போ அமைப்புடன் தொடர் உற்பத்திக்கு வந்த முதலாவது டீசல் காரும் அதுவே. கூடுதல் வெப்பத்தைத் தாங்குவதற்கென எண்ணெயைப் பீச்சிக் குளிர்விக்கும் ஆடுதண்டுகளும் சோடியம் நிரப்பிய வால்வுகளும் அதற்கு வழங்கப்பட்டன. வட அமெரிக்காவுக்கென்றே உருவான அக்கார் 28,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் அமெரிக்காவில் விற்ற கார்களில் பெரும்பான்மையானவை டீசல் கார்களே.

அதே 1978 மாதிரி ஆண்டில் இன்னொரு டீசல் காரும் வந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மோபில் பிரிவு 5.7 லீற்றர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் கொண்ட டீசல் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. விரைவிலேயே அது கடிலக் கார்களுக்கும் சென்றது. 1980 கடிலக் செவில் காரில் டீசல் இயந்திரமே இயல்பான தெரிவாக வைக்கப்பட்டது. அட்டவணையை வைத்துப் பார்த்தால் இது ஒரு சாதனை. பாரமான அமெரிக்கச் சொகுசுக் கார், மெத்தை போன்ற இருக்கைகள், விரும்பிய குளிரூட்டல், அத்தனையோடும் சிறிய காரின் எரிபொருட் செலவு. ஜேர்மன் காரைவிட விலையும் குறைவு. சிக்கனம் பற்றிய அளவீடுகளில் பொய்யில்லை. 1981இல் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 6 சதவீதமானவை டீசலில் ஓடின.

ஆனால் குறை உள்ளே இருந்தது. இயந்திரத்தின் உடலைக் கனமாக்கியவர்கள், அதன் தலைப்பகுதியைப் பிணைக்கும் ஆணிகளின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பெற்றோல் இயந்திரத்தில் இருந்தபடியே விட்டுவிட்டனர். தொழிற்சாலையின் பழைய கருவிகளையே பயன்படுத்தலாம் என்பது இதன் நன்மை. 22 மடங்குக்கும் மேலான அமுக்கத்தை அந்த ஆணிகள் நீண்டகாலம் தாங்கவில்லை. அவை நெகிழ, இடையிலுள்ள அடைப்புத் தகடு கசிந்து, குளிர்விக்கும் நீர் உருளைக்குள் இறங்கியது. நீரை அமுக்க முடியாதாகையால் இயந்திரமே உடைந்தது. எரிபொருளில் கலந்த நீரைப் பிரிக்கும் வடிகட்டியும் பொருத்தப்படவில்லை. அதனால் நுண்ணிய எரிபொருட் பம்பிகள் துருவேறின. திருத்துநர்களுக்கோ டீசல் பழக்கமில்லை. வழக்குகள் குவிந்தன. பிந்திய இயந்திரங்கள் திருத்தப்பட்டபோதிலும் போன பெயர் திரும்பவில்லை. 1985உடன் உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டு எண்ணெய் விலையும் சரிந்தது. அமெரிக்கர் டீசல் கார்களை ஏறக்குறைய மறந்தே போயினர்.

ஒரு வாரச் சோதனையில் ஆணி நெகிழ்வது தெரியாது. இது அந்தச் சோதனையாளர்களின் நேர்மைக் குறைவன்று. அவர்கள் அளந்தவற்றைச் சரியாகவே அளந்தனர். அளக்க முடியாதது ஒன்று இருக்கின்றது என்பதை அட்டவணையின் அடியில் எழுதிவைக்கவில்லை, அவ்வளவே.

இதை எழுதும்போது எனது பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வருகின்றது. தொழிலில் சேர்ந்த புதிதில், சந்தைக்கு வந்த ஒரு டீசல் வான் பற்றி விசேட பக்கத்துக்கு எழுதும்படி ஆசிரியபீடத்தில் கேட்டனர். நிறுவனத்தார் தந்த கைநூலையும் அரை மணிநேர ஓட்டத்தையும் நம்பி, அரைப்பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதினேன். ஒன்றரை வருடம் கழித்து, வாடகைக்கு வான் ஓட்டும் ஒருவர் காரியாலயத்துக்கு வந்தார். மடித்து மடித்து நைந்துபோன அந்தப் பத்திரிகை நறுக்கு அவர் கையில் இருந்தது. “தம்பி, இதை எழுதினது நீங்கள்தானோ?” என்று கேட்டார். ஆம் என்றேன். மனைவியின் தாலிக்கொடியை அடகுவைத்து வாங்கிய வான் ஆறு மாதமாகத் திருத்தகத்தில் நிற்பதாகச் சொன்னார். கோபமாக ஒரு சொல் பேசவில்லை. “நீங்கள் பொய் எழுதியிருக்க மாட்டியள். ஆனால் உங்களுக்கு இவ்வளவுதான் தெரியும் எண்டதையும் எழுதியிருக்கலாம்” என்று கூறிவிட்டு எழுந்து சென்றார். எந்த இதழியல் பாடநெறியும் எனக்கு இதைவிடச் சிறந்த வாசகத்தைக் கற்பிக்கவில்லை.

மறுபுறத்தில், மந்தமென்று கேலிக்குள்ளான மெர்சிடிஸ் கார்களோ ஓடிக்கொண்டேயிருந்தன. கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவரின் 1976 மாதிரி 240 டி கார், இயந்திரங்களைப் பல தடவை மாற்றியும் புதுப்பித்தும் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பின்னர் 2004இல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் அவ்வரிசைக் கார்கள் பல தசாப்தங்கள் டாக்சிகளாக உழைத்தன. செக்கன்களை எண்ணியவர்களின் பேனைக்கு எட்டாத குணம் இது.

டீசல் சொகுசுக் காரின் அடுத்த அத்தியாயம் ஐரோப்பாவில் எழுதப்பட்டது. 1979இல் பிரான்ஸின் பேஜோ 604 டேர்போ டீசலும், 1983இல் பி.எம்.டபிள்யூ. 524 டி.டி.யும் வந்தன. பிந்தியது மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. அதே ஆண்டில் மெர்சிடிஸ் 190 டி காரின் இயந்திரத்தை ஒலி புகாத உறையால் மூடி இரைச்சலை அடக்கியது. 1989இல் அவுடி 100 டி.டி.ஐ., 1997இல் உயரழுத்தப் பொதுக்குழாய் எரிபொருள் முறை. மந்தம், இரைச்சல், அதிர்வு என்ற மூன்று பழைய குற்றச்சாட்டுகளும் ஒவ்வொன்றாக நீங்கின. 2011 அளவில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை டீசல் கார்கள்.

அப்போதும் அட்டவணையில் ஒரு வரி குறைந்தே இருந்தது: புகை. டீசல் புகையின் நுண்துகள்கள் பற்றிய ஐயம் 1970களின் இறுதியிலேயே எழுந்திருந்தது. அமெரிக்கா 1982 மாதிரி ஆண்டு முதல் டீசல் கார்களுக்கு மைலுக்கு 0.6 கிராம் என்று துகள்களின் அளவை வரையறுத்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இல் டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்றது. 2012இல் உண்டாக்குவதே என்று அறுதியிட்டது. 2015 செப்டெம்பரில், சோதனைக் கூடத்தில் மாத்திரம் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வொல்க்ஸ்வாகன் தனது டீசல் கார்களில் வைத்திருந்தமை அமெரிக்காவில் அம்பலமாகியது. அதன்பின் ஐரோப்பாவிலும் டீசல் கார்களின் விற்பனை சரியத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் சமகாலத் தீர்ப்பு மூன்று தடவை தவறியிருக்கின்றது. உழைப்பாளியான காரை மந்தமென்று தள்ளியது ஒன்று. உள்ளே பழுதிருந்த காரைச் சிக்கனத்துக்காக வரவேற்றது இன்னொன்று. காருக்குள் இருப்பவனுக்கு எவ்வளவு சுகம் என்று கணக்கிட்டு, அதன் பின்னால் தெருவில் நடப்பவன் எதைச் சுவாசிக்கின்றான் என்று நெடுங்காலம் கேளாதிருந்தது மூன்றாவது. முதலிரண்டு தவறுகளையும் வாகனம் வாங்கியவன் சுமந்தான். மூன்றாவதை, வாகனத்தில் ஒருநாளும் ஏறியிராதவனும் சுமந்தான்.

அந்தப் பழைய இதழ்களை நான் இன்றும் மரியாதையுடனேயே புரட்டுகின்றேன். அளந்ததை அளந்தபடி அச்சிட்டமையால்தான், எதை அளக்கவில்லை என்பதும் இன்று நமக்குத் தெரியவருகின்றது. நாம் எழுதியவற்றையும் ஒருநாள் யாரோ இவ்வாறு புரட்டிப் பார்ப்பர். அப்போது வான்காரர் சொன்ன அந்த ஒரு வரியாவது நமது கட்டுரைகளின் அடியில் இருந்தால் நல்லது.